நகர்த்தியவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்

1829இல் சென்னையில் ஒரு சிறிய ஆங்கில நூல் அச்சாகி வந்தது. அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, சதுரங்கத்தில் ‘முட்சியோ காம்பிட்’ எனப்படும் முரட்டுத்தனமான தொடக்க ஆட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி. மற்றொன்று, சென்னையும் ஐதராபாத்தும் தபால் வழியாக ஆடிய இரண்டு ஆட்டங்களின் முழுப் பதிவு. எழுதியவர்கள் இருவர்: சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரி ஜேம்ஸ் காக்ரேன்; சென்னைக்காரர் குலாம் காசிம். சென்னையின் காய்களை நகர்த்தும் பொறுப்பு குலாம் காசிமிடமே இருந்தது என்பதை நூலின் முகப்பே சொல்லிவிடுகிறது. 1828–29இல் நடந்த அந்தப் பந்தயத்தில் இரண்டு ஆட்டங்களையும் சென்னையே வென்றது.

ஐரோப்பாவில் எடின்பரோவும் லண்டனும் தபாலில் மோதி முடித்ததும் அப்போதுதான். 1824இல் தொடங்கிய அந்தப் பந்தயம் 1828 வரை இழுத்துக்கொண்டு போய் எடின்பரோவின் வெற்றியில் முடிந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதில் கையாண்ட தொடக்கம் ‘ஸ்காட்ச் கேம்’ என்ற பெயரில் இன்றும் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. சென்னை–ஐதராபாத் பந்தயம் அதற்கு ஒன்றும் இளைத்ததல்ல. தபால்காரர் ஓடியே கடிதம் சேர்த்த காலத்தில், ஒரு கடிதத்துக்கு ஒரு நகர்வு என்ற கணக்கில் தக்காணத்துக்கும் சோழமண்டலக் கரைக்கும் நடுவே நடந்த ஆட்டம் அது. ஆனாலும் ‘மெட்ராஸ் கேம்’ என்று எந்தத் தொடக்கத்துக்கும் பெயர் வரவில்லை.

19ஆம் நூற்றாண்டுச் சதுரங்க வரலாற்றைப் பழைய இதழ்களின் வழியே படிக்கும்போது மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் கேள்வி இதுதான்: நகர்வு ஒருவருடையதாக இருக்க, பெயர் எப்படி இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது?

சதுரங்கத்துக்கென்றே ஓர் இதழ் முதலில் தோன்றியது 1836இல், பாரிஸில். அந்நாளின் தலைசிறந்த ஆட்டக்காரர் லா பூர்தொனே தொடங்கிய ‘லு பலமேது’ அது. 1839இல் நின்றுபோன அந்த இதழை 1842இல் சேன்ட் அமான் மீண்டும் எழுப்பினார். அதற்குள் லண்டனில் ஹோவர்ட் ஸ்டான்டன் 1841இல் ‘செஸ் பிளேயர்ஸ் குரோனிக்கிள்’ இதழை நடத்தத் தொடங்கியிருந்தார். 1846இல் பெர்லினில் ‘ஷாக்சைட்டுங்’ வந்தது. சதுரங்க இதழ்களில் நீண்ட ஆயுள் கொண்டவற்றில் அதுவும் ஒன்று. 1857இல் நியூயார்க்கில் பிஸ்கேயின் ‘செஸ் மன்த்லி’, 1867இல் பாரிஸில் ‘லா ஸ்திராத்தெழி’, 1881இல் ‘பிரிட்டிஷ் செஸ் மேகசின்’ என்று வரிசை நீள்கிறது. கடைசியாகச் சொன்னது இன்னும் வெளிவந்துகொண்டிருக்கிறது.

இதழை நடத்தியவர்கள் பெரும்பாலும் களத்தில் இருந்த ஆட்டக்காரர்களே. எனவே நடுநிலையை அங்கே தேடக்கூடாது. 1843 நவம்பரில் பாரிஸில் ஸ்டான்டனும் சேன்ட் அமானும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். ஸ்டான்டன் 11 ஆட்டங்களில் வென்றார், 6இல் தோற்றார், 4 டிரா. ஒருவர் கையில் லண்டன் இதழ், மற்றவர் கையில் பாரிஸ் இதழ். பலகையில் முடிந்த சண்டை அச்சில் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

1880களில் இது இன்னும் முற்றியது. ஸ்டைனிட்ஸ் ஒரு பக்கம், ஜுக்கர்டார்ட்டும் ஹாஃபரும் தங்கள் லண்டன் ‘செஸ் மன்த்லி’யோடு மறுபக்கம். ஒருவர் எழுதிய ஆட்ட விளக்கத்தில் மற்றவர் பிழை கண்டுபிடிப்பதே மாதாந்திர வேலையாக இருந்தது. சதுரங்க வரலாற்றில் இதற்கு ‘மைப் போர்’ என்றே பெயர். 1886இல் ஸ்டைனிட்ஸும் ஜுக்கர்டார்ட்டும் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டியில் மோதியபோது, ஸ்டைனிட்ஸ் நியூயார்க்கிலிருந்து ‘இன்டர்நேஷனல் செஸ் மேகசின்’ என்ற சொந்த இதழையே நடத்திக்கொண்டிருந்தார்.

இந்த இதழ்களில் ஆட்டங்களைவிடச் சுவையான இடம் வாசகர் கடிதங்களுக்கான பதில் பகுதி. கேள்வியை அச்சிட மாட்டார்கள். பதிலை மட்டும், கேட்டவரின் முதலெழுத்துகளைப் போட்டு அச்சிடுவார்கள். ஸ்டான்டன் 1845 முதல் 1874இல் இறக்கும்வரை ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வார இதழிலும் சதுரங்கப் பத்தி எழுதினார். அவருடைய பதில்களில் ஏளனம் தாராளம். பிடிக்காதவர்களைப் பெயர் சொல்லாமல் குத்துவதற்கு அந்தப் பகுதி அவருக்கு வாகாக இருந்தது. கேட்டவர் யார், உண்மையிலேயே யாராவது கேட்டார்களா என்பதெல்லாம் வாசகரின் ஊகத்துக்கே விடப்பட்டது.

அந்த ஆட்டங்களை இன்று படிப்பதற்கு ஒரு சின்னப் பயிற்சி தேவை. இப்போது பள்ளிப் பிள்ளைகள்கூட எழுதும் இ4, டி5 முறை அப்போதைய ஆங்கில இதழ்களில் கிடையாது. ‘ராஜாவின் சிப்பாய் ராஜாவின் நான்காம் கட்டத்துக்கு’ என்ற பாணியில் எழுதினார்கள். கட்டங்களை அவரவர் தம் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள் என்பதால் ஒரே கட்டத்துக்கு வெள்ளைக்கு ஒரு பெயர், கறுப்புக்கு ஒரு பெயர். ஜெர்மானியர்கள் எழுத்தும் எண்ணுமாக எழுதியபோதும் ஆங்கிலேயர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பழைய முறையை விடவில்லை. அச்சுக்கோப்பவர் ‘ராணியின்’ என்பதை ‘ராஜாவின்’ என்று மாற்றிவிட்டால் போதும், ஆட்டம் பத்தாவது நகர்வில் முட்டிக்கொண்டு நிற்கும். பழைய இதழ்களோடு உழைக்கும் ஆய்வாளர்களின் நேரத்தில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட பிழைகளைச் சரிசெய்வதிலேயே போகிறது.

பெயர்களின் கதைக்குத் திரும்பினால், குலாம் காசிம் ஆராய்ந்த ‘முட்சியோ’வே நல்ல எடுத்துக்காட்டு. இத்தாலியரான சால்வியோ 1634இல் எழுதிய நூலில், முட்சியோ என்பவர் வேறொருவர் ஆடக் கண்டு தமக்குச் சொன்னதாக இந்த ஆட்டமுறையைக் குறிப்பிட்டார். 1813இல் அதை ஆங்கிலப்படுத்திய சாரட், சொன்னவரின் பெயரையே ஆட்டத்துக்கு வைத்துவிட்டார். ஆடியவரின் பெயர் ஜெரோனிமோ காஷியோ. அவரை இன்று வரலாற்று ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரியும்.

முட்சியோவில் வெள்ளை தன் குதிரையை எதிரியின் சிப்பாய் வாயில் விட்டுவிட்டு ராஜாவைக் கோட்டைக்குள் நகர்த்தும். அதே நிலையில் கோட்டை கட்டாமல், ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளலாம். இந்த நகர்வு ‘குலாம் காசிம் காம்பிட்’ என்று இன்றும் ஓப்பனிங் கையேடுகளில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியர் ஒருவரின் பெயர் ஆட்டமுறைக்கு நிலைத்த அரிய நேர்வு இது. காரணம் எளிது: அவருடைய ஆராய்ச்சி அவர் பெயரிலேயே, ஆங்கிலத்தில், புத்தகமாக இருந்தது. அச்சில் இல்லாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கல்கத்தா காட்டுகிறது.

ஜான் காக்ரேன் (1798–1878), சென்னையின் ஜேம்ஸ் காக்ரேன் அல்லர்; ஸ்காட்லாந்துக்காரர், பாரிஸ்டர். 1822இலேயே சதுரங்க நூல் எழுதியவர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்கத்தாவில் வழக்கறிஞராகக் கழித்தார். 1840களின் தொடக்கத்தில் விடுப்பில் லண்டன் போய் ஸ்டான்டனோடு எண்ணற்ற ஆட்டங்கள் ஆடிவிட்டுத் திரும்பினார். கல்கத்தாவில் அவருக்கு ஈடுகொடுக்க ஆளில்லை. 1848 வாக்கில், செஸ் கிளப் உறுப்பினர் ஒருவர் நகருக்கு வெளியே போனபோது, யாரிடமும் தோற்றதில்லை என்று பேசப்பட்ட ஒரு பிராமணரைப் பற்றிக் கேள்விப்பட்டார். தேடிப் போய் ஆடினார், தோற்றார், அவரைக் கல்கத்தாவுக்கே கூட்டிவந்து காக்ரேன் முன் உட்காரவைத்தார். அவர் மகேஷ்சந்திர பானர்ஜி. இந்தச் செய்தி 1850இல் ‘செஸ் பிளேயர்ஸ் குரோனிக்கிள்’ இதழில் வெளியான கடிதத்தால் ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. காக்ரேனோடு சரிசமமாக ஆடக்கூடியவர் இங்கே அவர் ஒருவர்தான் என்பது அதன் சாரம்.

இருவரும் ஆடிய ஆட்டங்களில் நூற்றுக்கணக்கானவை இன்று கிடைக்கின்றன. தோற்ற ஆட்டங்களையும் சேர்த்துக் காக்ரேன் எழுதி வைத்ததால்தான் இது நேர்ந்தது. அந்தப் பெருந்தன்மையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1848இல் மகேஷ்சந்திரருக்கு எதிராக, நான்காம் நகர்விலேயே குதிரையைப் பலிகொடுத்து ராஜாவை வெளியே இழுத்தார் காக்ரேன். அது ‘காக்ரேன் காம்பிட்’ ஆயிற்று. மகேஷ்சந்திரரின் பாணி இதற்கு நேரெதிர். நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் நிரப்புவதில் அவர் அவசரப்படவில்லை. குதிரையை முன்னால் விட்டு, ராஜா பக்கத்துப் பிஷப்பை நீண்ட மூலைவிட்டத்தில் வைத்து, வெள்ளை நடுவில் வீடு கட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு அதை உடைப்பார். 1855இல் காக்ரேனுக்கு எதிராக அவர் கறுப்பில் ஆடிய ஆட்டத்தின் முதல் மூன்று நகர்வுகள், 1922இல் ஆஸ்திரியர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அறிமுகப்படுத்திய தற்காப்பின் அதே நகர்வுகள். 67 ஆண்டு இடைவெளி. குருன்ஃபெல்ட் யாரிடமிருந்தும் திருடவில்லை. அந்தப் பழைய ஆட்டம் யாருடைய கவனத்திலும் இல்லை, அவ்வளவே. இதே பாணியில் அமைந்த தற்காப்புகளுக்கு ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பொதுப்பெயர் நிலைத்தது. ஊரின் பெயர் வந்தது, ஆளின் பெயர் வரவில்லை.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது? மகேஷ்சந்திரர் முதலில் கற்றது உள்நாட்டு ஆட்டம். அதில் பெரும்பாலான வட்டாரங்களில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். ஆகவே தொடக்கத்தில் மோதல் மெதுவாகத்தான் வரும். காய்களை ஒழுங்குபடுத்தி நிறுத்த நேரம் இருக்கும். ஐரோப்பிய விதியைப் பிறகு கற்றவர் பழைய ஆட்டத்தின் பொறுமையைப் புதிய பலகைக்குக் கொண்டுவந்தார் என்பதே பொருத்தமான விளக்கம். 20ஆம் நூற்றாண்டில் பஞ்சாபிலிருந்து போய் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியனான மீர் சுல்தான் கானும் உள்நாட்டு ஆட்டத்தில் வளர்ந்தவரே. தொடக்கத்தில் தடுமாறி நடு ஆட்டத்தில் எதிரியை நசுக்குபவர் என்றே அவரை விமர்சகர்கள் வருணித்தார்கள்.

கல்கத்தாவின் பங்கு ஆட்டத்தோடு நிற்கவில்லை. 1851இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டிக்கு நன்கொடை திரட்டியபோது கல்கத்தா செஸ் கிளப் 100 பவுன் அனுப்பியது. கிளப்பின் முக்கியப் பொறுப்பாளர்களான காக்ரேனும் டி. சி. மார்ட்டனும் தனியாகவும் பெருந்தொகை கொடுத்தார்கள். வென்ற ஆண்டர்சன் கொண்டுபோன முதல் பரிசு 183 பவுன் என்பதோடு ஒப்பிட்டால் கல்கத்தா தந்ததன் அளவு விளங்கும். போட்டியில் ஆட இந்தியாவிலிருந்து எவரும் போகவில்லை.

பணம், கடிதம், ஆட்டப்பதிவு தவிர, இந்தியாவிலிருந்து போன இன்னொரு சரக்கு ஐரோப்பியப் புதிர்க் கலையையே மாற்றியது. 1845 பிப்ரவரியில் ‘செஸ் பிளேயர்ஸ் குரோனிக்கிள்’ ஒரு புதிரை வெளியிட்டது. நான்கு நகர்வில் மேட். அனுப்பியவர் ‘சாகிர்த்’ என்ற புனைபெயரில் டில்லியிலிருந்து எழுதியவர். நல்ல ஆட்டக்காரர்களும் திணறினார்கள். தீர்வின் சூட்சுமம் இது: வெள்ளை தன் பிஷப்பை ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டி வெகுதூரம் பின்னுக்கு இழுக்கிறது. பிறகு தன் யானையை அந்தக் கட்டத்தில் நிறுத்தி, தன் பிஷப்பின் வழியைத் தானே அடைக்கிறது. இல்லையேல் கறுப்பு ராஜா நகர இடமின்றி ஆட்டம் ஸ்டேல்மேட்டாகிவிடும். வழி அடைபட்டதால் ராஜாவுக்கு ஒரு நகர்வு கிடைக்கிறது. அவர் நகர்ந்ததும் யானை விலக, இரண்டு காய்களும் ஒருசேரத் தாக்க, மேட். தன் படையைத் தானே மறைப்பதன் மூலம் வெல்வது என்ற கருத்து அன்றைக்குப் புதிது.

‘இந்தியன் பிராப்ளம்’ என்று புகழ்பெற்ற அந்தப் புதிரைப் பற்றி 1903இல் கோட்ஸ், காக்கெல்கார்ன் என்ற இரு ஜெர்மானியர்கள் ஒரு தனி நூலே எழுதினார்கள். புதிரை அமைத்தவர் இந்தியர் அல்லர். வங்காளத்தின் பாரக்பூரில் பிறந்து, டில்லியில் பாதிரியாராக இருந்த ஆங்கிலேயர் ஹென்றி அகஸ்டஸ் லவ்டே, 1848இலேயே காலமாகிவிட்டார். இந்தியர் கண்ட தற்காப்பு ஆஸ்திரியர் பெயரில், ஆங்கிலேயர் கட்டிய புதிர் இந்தியாவின் பெயரில்.

ஆட்டக்காரரான இந்தியரைவிட, ஆட்டத்தின் பூர்வீகமான இந்தியாவுக்கே அந்த நூற்றாண்டு எழுத்தில் அதிக இடம் கிடைத்தது. வில்லியம் ஜோன்ஸ் 1790இல் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இரண்டாம் தொகுதியில் இந்தியச் சதுரங்கம் பற்றி எழுதிய கட்டுரையில், தாயக்கட்டையோடு நால்வர் ஆடும் ஆட்டத்தை வடமொழி ஆதாரத்தோடு விவரித்தார். ஹிராம் காக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு நால்வர் ஆட்டமே மூத்தது என்றார். லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் டங்கன் ஃபோர்ப்ஸ் 1860இல் எழுதிய சதுரங்க வரலாற்றில் அதன் வயதை 5000 ஆண்டுக்குக் கொண்டுபோய்விட்டார். 1874இல் டச்சுக்காரர் வான் டெர் லிண்டே, ஃபோர்ப்ஸின் காலக்கணிப்பைச் சல்லிசல்லியாகக் கிழித்தார். கிழித்த விதத்தில் ஆய்வு நாகரிகம் கொஞ்சமும் இல்லை. ஆனால் கிழித்ததில் நியாயம் இருந்தது. புராணங்களின் காலத்தை விருப்பம்போல் முன்னே தள்ளி ஆட்டத்தின் வயதைக் கூட்டுவது ஆதாரமாகாது.

இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தவர் ஹெச். ஜே. ஆர். மர்ரே. ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரேயின் மகன், பள்ளி ஆய்வாளர். மூலச் சுவடிகளைப் படிப்பதற்காகவே அரபி கற்றார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து வழக்கறிஞர் ஜான் ஜி. ஒயிட் தம்முடைய பெரும் சதுரங்க நூலகத்திலிருந்து அவருக்கு உதவினார். 1913இல் வெளியான மர்ரேயின் வரலாறு 900 பக்கம். இருவர் ஆட்டமே மூத்தது, ஏழாம் நூற்றாண்டுப் பாணரின் ஹர்ஷசரிதக் காலத்தில் அது வட இந்தியாவில் தெரிந்திருந்தது என்ற அவருடைய முடிவு பெருமளவு இன்றும் நிற்கிறது.

தாமிரபரணிக் கரையிலிருந்து இந்த இதழ்களைப் புரட்டுபவருக்கு நெருக்கமாகத் தோன்றும் பகுதி, குதிரைச் சுற்று. வெற்றுப் பலகையில் ஒரு குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒரே ஒருமுறை மிதித்து வரவேண்டும். 1823இல் ஜெர்மானியர் வார்ன்ஸ்டார்ஃப் இதற்கு ஓர் எளிய விதி சொன்னார்: அடுத்து போக வழி குறைவாக உள்ள கட்டத்தையே முதலில் தேர்ந்தெடு. 1848இல் வில்லியம் பெவர்லி, மிதித்த வரிசையில் எண்களை இட்டால் எல்லா வரிசைகளும் நிரல்களும் ஒரே கூட்டுத்தொகை தரும் சுற்று ஒன்றைக் கண்டார். மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் (1794–1868) இதில் கைதேர்ந்தவர். இதழ்களோ இதை வாசகர் விளையாட்டாக்கின: ஒரு கவிதையை அசை அசையாகப் பிரித்துக் கட்டங்களில் சிதறவிடுவார்கள், குதிரை போகும் வழியில் படித்தால் கவிதை வெளிப்படும்.

ஐரோப்பிய வாசகர்கள் புதுமை என்று ரசித்த இதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவைத்தவர் வேதாந்த தேசிகர் (1268–1369). அவருடைய பாதுகா ஸஹஸ்ரத்தின் சித்திர பத்ததியில் அடுத்தடுத்து வரும் இரண்டு சுலோகங்கள் உண்டு. முதல் சுலோகத்தின் 32 அசைகளை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைகளில், அதாவது அரைப் பலகையில் எழுதி, குதிரை நடையில் படித்தால் இரண்டாவது சுலோகம் கிடைக்கிறது. காஷ்மீரத்து ருத்ரடர் ஒன்பதாம் நூற்றாண்டில் இதே அரைப்பலகையில் முயன்றிருக்கிறார். ஆனால் அவர் எந்த வழியில் படித்தாலும் ஒரே சுலோகம் வரும்படி அமைத்துக்கொண்டார். தேசிகரின் வேலை அதைவிடக் கடினம். அரங்கனின் பாதுகையைப் பாடும் அந்நூல், பாதுகைக்குச் சடாரி என்ற பெயர் வரக் காரணமான சடகோபரையும் சேர்த்தே போற்றுகிறது. சடகோபர் என்ற நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூர்தான் தாமிரபரணிக் கரையிலுள்ள இன்றைய ஆழ்வார்திருநகரி.

அதே ஊரில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர், மாறன் என்ற நம்மாழ்வாரின் பெயரால் இயற்றிய மாறனலங்காரத்தில் சித்திரகவிகளுக்கு விரிவாக இடம் கொடுத்தார். எழுத்துகளைக் கட்டங்களில் அடைத்துப் பல திசையிலும் படிக்கும் சருப்பதோபத்திரம் போன்றவை அதில் அடக்கம். எட்டுக்கு எட்டு, 64 அறை. அது சதுரங்கமல்ல. ஆனால் ஐரோப்பிய இதழ்களின் புதிர்ப் பக்கத்தை ஒரு நெல்லைப் புலவரிடம் காட்டியிருந்தால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். ஓசைக் குறை கண்டுபிடித்திருப்பார்.

பிறகு ஏன் தென்மாவட்டத்திலிருந்து ஒரு குலாம் காசிம் கிளம்பவில்லை? இதழ்களுக்கு ஆட்டம் போய்ச் சேர்ந்த ஊர்களைப் பார்த்தால் விடை கிடைக்கும்: கல்கத்தா, சென்னை, டில்லி. எல்லாம் ஆங்கில அதிகாரமோ பாளையமோ, ஓய்வு நேரமுள்ள சீமான்களின் கிளப்போ இருந்த இடங்கள். பாளையங்கோட்டையிலும் வெள்ளை அதிகாரிகள் இருந்தார்கள், மிஷன் அச்சகம் இருந்தது. அந்த அச்சகத்தின் வேலை வேத வசனங்களும் துண்டுப் பிரசுரங்களும் பாடநூல்களும். மணியாச்சி வழியாக ரயில் திருநெல்வேலியைத் தொட்டது 1876இல்தான். அதற்குள் காக்ரேன் இந்தியாவை விட்டே போய்விட்டிருந்தார். உள்ளூர்க்காரர்களுக்கோ தாயமும் ஆடுபுலியும் பல்லாங்குழியும் இருந்தன. ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளைத் தமிழகக் கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் இன்றும் பார்க்கலாம். கல்லில் வெட்டிய பலகை மிஞ்சும். ஆடிய ஆட்டம் மிஞ்சாது.

தென்னாட்டு மரபில் அச்சேறிய சதுரங்க நூல் ஒன்று, முதல் இதழுக்கும் 22 ஆண்டு மூத்தது. திருவேங்கடாசாரியார் என்ற சாஸ்திரி ‘விலாஸமணிமஞ்சரி’ என்று வடமொழியில் இயற்றியதே அது. பூனாவின் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் விருப்பத்துக்காக எழுதப்பட்டது. அதன் ஆங்கில வடிவம் 1814இல் பம்பாயில் வெளியானது. பெயரிலேயே தென்னாட்டு வைணவர் என்பது தெரிகிறது. ஐரோப்பிய முறைக்கு ஏற்பத் திருத்தப்பட்டது என்று முகப்பிலேயே சொல்லும் அந்நூல், முக்கியமான இறுதி நிலைகளின் தொகுப்பு. உள்நாட்டு ஆட்டத்தில் எப்படி வென்றாய் என்பதற்கு மதிப்பு உண்டு. சிப்பாயால் மேட் செய்வதே உயர்ந்த வெற்றி. மறுகரையை அடைந்த சிப்பாய், தான் போய்ச் சேர்ந்த நிரலுக்குரிய காயாகவே மாறும். நினைத்தபடி ராணியாக முடியாது. ராஜாவுக்கு ஒருமுறை மட்டும் குதிரைபோல் பாயும் உரிமை உண்டு. இந்த விதிகளில் பழகியவர் கண்ணுக்கு ஐரோப்பிய ஆட்டம் நாகரிகக் குறைவாகக்கூடத் தெரிந்திருக்கலாம்: எட்டாவது வரிசையை எட்டிய எந்தச் சிப்பாயும் உடனே ராணி!

விதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டதே உள்நாட்டு ஆட்டத்தை வீழ்த்தியது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. தபாலில் ஆட வேண்டுமென்றால், ஆட்டத்தை அச்சிட்டு வேற்றூர்க்காரர் படிக்க வேண்டுமென்றால், இரு பக்கமும் ஒரே விதி வேண்டும். ஐரோப்பிய விதியை உலக விதியாக்கியதில் படைபலத்துக்கு இருந்த பங்கு இதழ்களுக்கும் இருந்தது.

இன்று அந்த இதழ்களில் பல, ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒயிட் திரட்டிய நூலகம் கிளீவ்லாந்து பொது நூலகத்தில் இருக்கிறது; வான் டெர் லிண்டேயின் சேகரிப்பு ஹேக் நகரின் தேசிய நூலகத்தில். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மேனுவல் ஆரோன், விஜய் டி. பண்டிட்டோடு சேர்ந்து இந்தியச் சதுரங்க வரலாற்றைப் பெரிய நூலாக எழுதியிருக்கிறார். சென்னையிலிருந்து ‘செஸ் மேட்’ மாத இதழை நடத்தியவரும் அவரே. இதழாசிரியர் ஒருவரே வரலாற்றாசிரியராவது இந்தத் துறையில் ஸ்டான்டன் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஆரோனிடம் ஸ்டான்டனின் வன்மம் மட்டும் இல்லை.

பாளையங்கோட்டைப் பள்ளிகளில் குருன்ஃபெல்ட் தற்காப்பைப் படிக்கும் பிள்ளைகள் கணினித் தரவுத்தளத்தில் அதன் ஆட்டங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால், குருன்ஃபெல்டின் ஆட்டங்களுக்கு முன்னே கல்கத்தா வந்து நிற்கும். ஆண்டு 1855, வெள்ளை, காக்ரேன், கறுப்பு, மகேஷ்சந்திரர், முடிவு 1–0.